புகை வடிகட்டி கழற்றிய ஜப்பான் லொறியை வாங்கும் முன்

திருகோணமலையில் பாவித்த இசுசு எல்ஃப், மிட்சுபிஷி ஃபுசோ கண்டர், டொயோட்டா டைனா, ஹினோ டட்ரோ லொறி தேடிப் போகிறவர் ரயரைப் பார்ப்பார், பெட்டியைத் தட்டிப் பார்ப்பார், லீசிங் முடிந்ததா என்று கேட்பார். புகைக்குழாயில் இருந்த டி.பி.எஃப்., அதாவது டீசல் புகையின் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி, இன்னும் இருக்கிறதா என்று கேட்பவர் குறைவு. கேட்டாலும் "அது கரைச்சல் எண்டு கழட்டியாச்சு, இப்ப வண்டி பறக்குது" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். அந்த ஒரு வரிதான் பின்னால் பல லட்சம் செலவு வைக்கக்கூடியது.

வடிகட்டி சும்மா அடைப்பதில்லை. இன்ஜெக்டர் அளவுக்கு மீறி டீசல் விட்டால், டர்போவின் சீல் கசிந்து ஒயில் புகைக்குள் போனால், புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற ஈ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடி இறுகினால், பொருந்தாத ஒயில் ஊற்றினால் அது காலத்துக்கு முன் அடைக்கும். அடைத்ததும் டாஷ்போர்டில் விளக்கு எரியும், வண்டி இழுக்காது. உடனே வடிகட்டியைக் கழற்றினால் வண்டி மறுபடி இழுக்கும், ஆனால் கசிகிற இன்ஜெக்டரும் டர்போவும் அப்படியே உள்ளே இருக்கும். ஆகவே வாங்குபவர் கண்டுபிடிக்க வேண்டியது இரண்டு விடயம். என்னென்ன கழற்றப்பட்டிருக்கிறது, எந்தப் பழுதால் அது கழற்றப்பட்டது. இரண்டாவதுக்குப் பதில் தெரியாமல் விலை பேசக் கூடாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் உதிரிப்பாகமும் டொலரும் இல்லாமல் பல லொறிகள் இப்படித்தான் ஓட வைக்கப்பட்டன. அதனால் இன்று சந்தைக்கு வருகிற வண்டிகளில் இந்த வேலை செய்யப்பட்டவை நிறையவே இருக்கும் என்று எதிர்பார்த்துப் போவதே நல்லது.

எந்த வண்டியில் என்ன இருந்திருக்க வேண்டும்

ஜப்பான் லொறியின் மாதிரி இலக்கத்துக்கு முன்னால், சிறு கோட்டுக்கு இடப்பக்கம், சில எழுத்துகள் இருக்கும். அந்த வண்டி எந்தக் காலத்துப் புகைச் சட்டத்துக்கு அமைய ஜப்பானில் பதியப்பட்டது என்பதை அவை காட்டும். கே.கே., கே.ஆர். என்பன போல இரண்டு எழுத்து மட்டும் இருந்தால் 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்திய தலைமுறை. அவற்றில் பலவற்றில் புகையைச் சுத்தமாக்கும் கட்டலிஸ்ட் மட்டுமே இருக்கும், சிலவற்றில்தான் வடிகட்டி. பி.கே.ஜி., ரீ.கே.ஜி., எஸ்.கே.ஜி. போல மூன்று எழுத்து இருந்தால் பிந்திய தலைமுறை. இந்த அளவு லொறிகளில் பெரும்பாலும் வடிகட்டி தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். இந்த எழுத்துகளை வண்டியிலுள்ள தகட்டில் அல்லது ஜப்பான் ஏற்றுமதிச் சான்றிதழில் பாருங்கள். சான்றிதழின் பிரதி பழைய உரிமையாளரிடம் இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

தகடு இல்லாவிட்டால் டாஷ்போர்ட் சொல்லும். இசுசுவில் டி.பி.டி. என்றும், ஹினோவிலும் டொயோட்டாவிலும் டி.பி.ஆர். என்றும், மிட்சுபிஷி ஃபுசோவில் டி.பி.எஃப். என்றும் எழுதிய, வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க வைக்கும் ஒரு பொத்தான் இருக்கும். பொத்தான் இருக்கிற வண்டிக்கு வடிகட்டி இருந்தே ஆக வேண்டும். 2010க்குப் பிந்திய சில கண்டர்களில் யூரியாக் கரைசல் ஊற்றும் ஆட்புளூ தாங்கியும் உண்டு. நீல மூடியைத் தேடுங்கள். மூடி இருந்து தாங்கி காய்ந்து கிடந்தால் அந்தத் தொகுதியும் நிறுத்தப்பட்டிருக்கிறது.

டிமோ பட்டா, பொலேரோ போன்ற இந்தியச் சிறு லொறிகளின் பழைய மாதிரிகளில் வடிகட்டி கிடையாது. அவற்றுக்கு இந்தக் கட்டுரையில் ஈ.ஜி.ஆரும் எஞ்சின் சோதனையும் மட்டும் போதும்.

கருவி இல்லாமல் பார்க்கக்கூடியவை

காலையில் போங்கள். வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். போனதும் எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சினின் முதல் புகையை உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை என்று அர்த்தம். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள்.

முதலில் புகைக்குழாயின் வாய். வெள்ளைத் துணியொன்றை விரலில் சுற்றி உள்ளே துடையுங்கள். வேலை செய்கிற வடிகட்டி உள்ள வண்டியின் குழாய் பல வருடம் ஓடிய பின்னும் உள்ளே சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், துணியில் கரி ஒட்டுவது மிகக் குறைவு. துணி கறுத்தால் வடிகட்டி இல்லை, அல்லது உள்ளே வெடித்திருக்கிறது. இதற்குப் பத்து வினாடிதான் ஆகும். எஞ்சியவற்றில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை இதுவே தீர்மானிக்கும்.

அடுத்து கெபினுக்குப் பின்னால், சேசிஸ் பக்கத்தில் தொங்குகிற தடித்த உருளை. வடிகட்டி இதற்குள்தான் இருக்கும். கழற்றும் வேலை மூன்று விதமாக நடக்கிறது. உருளையை முழுதாக எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடுவது கண்ணுக்கே தெரியும். உருளையை வெட்டி உள்ளே உள்ள செராமிக் கட்டியை உடைத்தெடுத்துத் திரும்ப ஒட்டுவது வெளியே தெரியாது. அதற்கு வெல்டிங் வரியைப் பாருங்கள். தொழிற்சாலை வெல்டிங் சீராக, ஒரே அகலமாக இருக்கும். கராஜ் வெல்டிங் திட்டுத் திட்டாக இருக்கும், பெரும்பாலும் வெள்ளிப் பெயின்ட் பூசி மறைக்கப்பட்டிருக்கும். பிறகு மரக்கட்டையால் தட்டுங்கள். நிறைந்த உருளை மந்தமாக ஒலிக்கும், வெறும் உருளை தகரம் போல முழங்கும். மூன்றாவது விதம் செராமிக்கில் துளை போடுவது. தட்டினால் அது தெரியாது. துணியும் ஸ்கேனரும்தான் காட்டும்.

உருளையில் பேனா அளவான வெப்ப சென்சர்கள் இரண்டு அல்லது மூன்று திருகப்பட்டிருக்கும். முன்னும் பின்னும் இருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் அழுத்த சென்சருக்குப் போகும். குழாய் அந்தரத்தில் தொங்குகிறதா, சென்சர் கம்பியால் சேசிஸில் கட்டப்பட்டிருக்கிறதா, வயரிங்கில் ரெசிஸ்டர் ஒட்டியோ சிறு கறுப்புப் பெட்டி சேர்த்தோ டேப் சுற்றியிருக்கிறதா என்று விரலால் தடவிப் போங்கள். அந்தக் கறுப்புப் பெட்டி எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்பியூட்டருக்குப் பொய் அளவு அனுப்புவதற்காகப் போடப்பட்டது. கம்பியூட்டரின் மென்பொருளை மாற்றி எழுதியவனை விட இந்தப் பெட்டி போட்டவனால்தான் அடுத்த உரிமையாளருக்குத் தலையிடி அதிகம். மழையில் நனைந்து அல்லது உப்புப் பிடித்து ஒரு நாள் அது நின்றால் வண்டி பாதி வழியில் இழுவை இழந்துவிடும். ஏன் என்று எந்த மெக்கானிக்குக்கும் இலகுவில் பிடிபடாது.

ஈ.ஜி.ஆர். பக்கம் பாருங்கள். வால்வின் விளிம்புக்கும் குழாய்க்கும் இடையில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் தகடு செருகியிருந்தால் அது அடைக்கப்பட்டிருக்கிறது. தகட்டைச் சுற்றி கறுப்புத் தூள் படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது. அந்தப் புகையைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். கூலரையே எடுத்திருந்தால் தண்ணீர்க் குழாய்கள் இரண்டும் ஒரு துண்டு ரப்பர் குழாயால் இணைக்கப்பட்டிருக்கும். கூலர் ஏன் எடுக்கப்பட்டது என்று நேராகக் கேளுங்கள். அது வெடித்து ரேடியேட்டர் தண்ணீர் குடித்த வண்டி என்றால், எஞ்சின் ஒருமுறையாவது அதிகச் சூடாகியிருக்கக்கூடும். அப்போது ஹெட் கஸ்கெட்டையும் சந்தேகிக்க வேண்டும்.

சாவியை ஒரு படி திருப்பி, ஸ்டார்ட் பண்ணாமல் விடுங்கள். எஞ்சின் விளக்கும் வடிகட்டி விளக்கும் எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கு கழற்றப்பட்டிருக்கிறது, அல்லது பின்னால் கறுப்பு டேப் ஒட்டப்பட்டிருக்கிறது. கம்பியூட்டர் வேலைக்குப் பணம் செலவழிக்காமல் விளக்கை மட்டும் அணைத்த வண்டி அது. அதைத் தொடவே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஸ்கேனர் வைத்துப் பார்ப்பது

எல்ஃபும் கண்டரும் பெரும்பாலும் 24 வோல்ட் வண்டிகள், இரண்டு பற்றரி தொடராக இணைக்கப்பட்டவை. காருக்கு விற்கிற மலிவான 12 வோல்ட் புளூடூத் கருவியைச் செருகினால் அது எரிந்துபோகலாம். ஜப்பான் லொறிக்கென்று மென்பொருள் உள்ள ஸ்கேனர் வைத்திருக்கும் கராஜுக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். விற்பவருக்கு வேண்டியவருடைய கராஜ் வேண்டாம். கட்டணத்தை நீங்களே கொடுங்கள்.

பழுது இலக்கங்களை வாசிப்பது பாதி வேலைதான், ஏனெனில் அவற்றை ஒரு நிமிடத்தில் அழித்துவிடலாம். பி2463 இருந்தால் கரி நிறைந்தது, பி2002 இருந்தால் வடிகட்டி வேலை செய்யவில்லை, பி0401 இருந்தால் ஈ.ஜி.ஆர். ஓட்டம் போதாது, பி0299 இருந்தால் டர்போ அழுத்தம் குறைவு. எதுவுமே இல்லாத பழைய லொறியையும் அவ்வளவாக நம்ப வேண்டாம்.

ஓடும்போது மாறுகிற அளவுகளைத் திரையில் போடச் சொல்லுங்கள். வடிகட்டியின் முன்பின் அழுத்த வேறுபாடு, நல்ல வடிகட்டியில், சும்மா நிற்கும்போது பொதுவாக ஒரு கிலோபாஸ்கலுக்குக் கீழே இருக்கும். அக்சிலேட்டரை மிதித்து 2500 சுற்றுக்குக் கொண்டுபோனால் கூடும், விட்டால் இறங்கும். மிதித்தாலும் பூச்சியத்திலேயே நின்றால் உள்ளே ஒன்றும் இல்லை. ஒரே எண்ணில் உறைந்து நின்றால் பொய்ப் பெட்டி இருக்கிறது. வெப்ப சென்சர்களையும் அப்படியே பாருங்கள். பத்து நிமிடம் ஓடிய பின்னும் அசையாத வெப்பநிலை உண்மையானதல்ல.

கம்பியூட்டரை மாற்றி எழுதிய வண்டி என்றால் ஒரே கேள்விதான்: மாற்றுவதற்கு முன் எடுத்த மூலக் கோப்பு இருக்கிறதா? அது இருந்தால் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். இல்லாவிட்டால் வேறு எஞ்சின் கம்பியூட்டர் (ஈ.சி.யூ.) தேட வேண்டிவரும். மாற்றி எழுதும்போது இழுவை கூட்டுவதற்காக டீசல் அளவையும் கூட்டியிருந்தால் இன்னொரு ஆபத்து உண்டு. புகையின் வெப்பம் ஏறி, டர்போவும் பிஸ்டனும் கிளச்சும் முன்கூட்டியே தேயும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. உருளையை எடுத்துவிட்டு, சேர்ந்த கரியை மேலதிக டீசல் விட்டு எரிக்கும் கட்டளையைக் கம்பியூட்டரில் அழிக்க மறந்துவிடுவார்கள். எரிக்க எதுவும் இல்லாமலே கம்பியூட்டர் மேலதிக டீசலை விட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரம் வெள்ளைப் புகை வரும், கண் எரியும், டீசல் பிஸ்டன் ஓரமாக இறங்கி ஒயிலில் கலக்கும்.

பழுதைத் தேடுவது

ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் நல்ல பராமரிப்பு என்று நினைக்க வேண்டாம். டீசல் கலந்திருக்கக்கூடும். ஒரு துளியை ரிஷுத் தாளில் விடுங்கள். டீசல் கலந்த ஒயில் கறுப்புப் பொட்டைச் சுற்றி மங்கலான வட்டமாகப் பரவும், மணமும் காட்டிக்கொடுக்கும்.

எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து தலைகீழாக வாயில் வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால், புகை குபுகுபுவென்று வந்தால், ரிங் தேய்ந்திருக்கிறது. எஞ்சின் இறக்க வேண்டிய வண்டி அது.

டர்போவுக்குள் காற்று போகும் குழாயைக் கழற்றி, எஞ்சின் நின்ற நிலையில், தண்டை விரலால் அசையுங்கள். பக்கவாட்டில் மயிரிழை அசைவு இருக்கலாம். முன்பின்னாக அசையவே கூடாது. இன்டர்கூலர் குழாயின் தாழ்ந்த முனையில் ஒயில் தேங்கி நின்றால் சீல் போயிருக்கிறது. வடிகட்டி அடைத்ததற்குக் காரணம் இதுவாகவே இருந்திருக்கலாம்.

இன்ஜெக்டருக்கு, திரும்பிவரும் டீசல் குழாய்களைக் கழற்றி நான்கு ஒரேயளவு போத்தலுக்குள் விட்டு ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட வேண்டும். மற்றவற்றை விட ஒன்று வெகுவாக நிறைந்தால் அதுதான் குற்றவாளி. இதை மெக்கானிக்கே செய்யட்டும். உயர் அழுத்தப் பக்கத்துக் குழாயை எஞ்சின் ஓடும்போது யாரும் தளர்த்தக் கூடாது. அதில் ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தம் இருக்கிறது, தோலைத் துளைத்து உள்ளே போகும்.

ஓட்டிப் பார்க்கும்போது வெறும் வண்டியில் டவுனைச் சுற்றி வருவதில் பயனில்லை. அரைச் சுமையாவது ஏற்றி உவர்மலை ஏற்றத்தில் ஏற்றுங்கள். மேலே வரும்போது கண்ணாடியில் பின்புகையைப் பாருங்கள். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்றுப் போதாது. நீலம் என்றால் ஒயில். சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகைக்கு இன்ஜெக்டர் அல்லது ரேடியேட்டர் தண்ணீர் காரணம். பிறகு கண்டி வீதியில் கந்தளாய் வரை, ஏறத்தாழ 40 கிலோமீற்றர், ஒரே வேகத்தில் போய் வாருங்கள். இழுவை துண்டிக்கப்படும் வண்டி அந்தத் தூரத்துக்குள் தன்னைக் காட்டிவிடும்.

இங்கத்தைய வண்டிகளுக்கு இரண்டு விசேட கவனிப்பு வேண்டும். மீன் ஏற்றிய கூலர் லொறியென்றால் பெட்டியிலிருந்து வடிந்த உப்புநீர் சேசிஸையும் புகைக்குழாயின் விளிம்புகளையும் தின்றிருக்கும். சென்சர் திருகு கழற்ற முயன்றால் உருளையோடு பிய்ந்து வரும் அளவுக்குத் துரு இருக்கலாம். கிண்ணியாப் பக்கம் மணல் ஏற்றிய டிப்பர் என்றால் அளவுக்கு மீறிய பாரம் சுமந்திருக்கும். ஸ்பிரிங் பிடிகளுக்கு அருகே சேசிஸில் வெடிப்புத் தேடுங்கள்.

புகைச் சோதனையும் பத்திரங்களும்

வருடாந்தப் புகைச் சோதனை 2008 இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. லொறிக்குக் காப்புறுதியோடு தகுதிச் சான்றிதழும் வேண்டும். டீசல் வண்டிக்குச் செய்வது புகையின் அடர்த்தி பார்க்கும் சோதனை. எஞ்சின் சூடாக இருக்க, அக்சிலேட்டரைச் சட்டென்று முழுதாக மிதித்துப் பலமுறை அளப்பார்கள். "சோதனையில் பாஸ், அதனால் ஒரு பிரச்சினையும் இல்லை" என்பதை ஏற்க வேண்டாம். வடிகட்டியே இல்லாத பழைய வண்டிகளும் தேற வேண்டிய சோதனை அது. எஞ்சின் நன்றாக இருந்தால் வடிகட்டி இல்லாமலும் தேறும். அதனால் தேறியது எஞ்சினைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்லும். கடந்த மூன்று வருட அறிக்கைகளைக் கேட்டு வாங்கி அளவை ஒப்பிடுங்கள். வருடா வருடம் கூடிக்கொண்டு போனால் எஞ்சின் தேய்கிறது. முடிந்தால் மீதிப் பணம் கொடுக்கும் முன் விற்பவருடன் போய் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். தெருவில் கறுப்புப் புகை விட்டால் பொலிஸார் நிறுத்துவது வேறு கதை.

பதிவுச் சான்றிதழில் உள்ள சேசிஸ் இலக்கத்தைச் சேசிஸிலேயே பொறித்த இலக்கத்தோடும், எஞ்சின் இலக்கத்தை எஞ்சினோடும் ஒப்பிடுங்கள். வடிகட்டி கழற்றிய வண்டிகளில் எஞ்சின் மாற்றியவையும் உண்டு, பத்திரத்தில் பழைய இலக்கமே இருக்கும். லீசிங் கம்பனியின் பெயர் பதிவில் இருந்தால் அது நீக்கப்பட்ட பிறகே முழுப்பணம். உரிமை மாற்றத்துக்கான எம்.ரீ.ஏ. 6, எம்.ரீ.ஏ. 8 படிவங்கள் இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள்.

விலை பேசுவது

"கழட்டின வண்டி, கொஞ்சம் குறைச்சுத் தாங்கோ" என்று கேட்டால் சிறு தொகைதான் குறையும். கணக்கு எழுதிக் காட்டினால் பேச்சு வேறாகும். ஒரு தாளில் எழுதுங்கள்: வடிகட்டி உருளை, அதன் முன்னால் இருக்கும் கட்டலிஸ்ட், வெப்ப சென்சர்கள், அழுத்த சென்சரும் குழாய்களும், ஈ.ஜி.ஆர். வால்வு, கூலர், மூலக் கோப்பைத் திரும்ப எழுதும் செலவு, கூலி. ஒவ்வொன்றுக்கும் கொழும்பில் உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் இரண்டு கடையில் போனில் விலை கேளுங்கள். இன்ஜெக்டரோ டர்போவோ சந்தேகம் என்றால் அதையும் சேருங்கள். அந்த மொத்தத்தை, ஒன்றும் கழற்றாத அதே வருட வண்டியின் விலையிலிருந்து கழியுங்கள். அதற்கு மேல் கொடுப்பது நட்டம்.

பாவித்த வடிகட்டி வாங்கும்போது அதன் பின்பக்க முகத்தைப் பாருங்கள். அங்கே கறுப்புத் திட்டு இருந்தால் உள்ளே வெடிப்பு. அதே இலக்கமுள்ள இன்னொன்றோடு தூக்கிப் பாருங்கள். பாரமானதில் சாம்பல் நிறைந்திருக்கும். கரி எரியும், சாம்பல் எரியாது. அது ஒயிலில் இருந்து வருவது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். உயர் அழுத்தத் தண்ணீரோ அமிலமோ அடிக்கிற இடத்தில் கொடுத்தால் செராமிக் கெட்டுப்போகும்.

கழற்றிய உருளை முழுதாகப் பத்திரமாக இருந்து, மூலக் கோப்பும் இருந்து, எஞ்சின் சோதனைகள் தேறினால் தைரியமாக வாங்கலாம். உருளை வெட்டப்பட்டு, பொய்ப் பெட்டி போட்டு, கோப்பும் இல்லாத வண்டியை விட்டுவிடுங்கள். டவுனுக்கும் உப்புவெளிக்கும் மீன் சந்தைக்கும் இடையில் சிறு ஓட்டம் மட்டும் ஓடப் போகிறீர்கள் என்றால் வடிகட்டியே இல்லாமல் பிறந்த, நல்ல எஞ்சின் உள்ள இரண்டெழுத்து வண்டி உங்களுக்குப் பொருத்தம். சிறு ஓட்டத்தில் புகை போதிய அளவு சூடாகாது, 550 பாகைக்கு மேல் போனால்தான் கரி எரியும். தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் ஓடுகிற வண்டிக்கு வடிகட்டி ஒரு தொந்தரவே இல்லை. திருப்பிப் பொருத்துங்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் வகைப்படுத்தியது. லொறியைப் பின்னால் எடுக்கும்போது குழாய்க்கு நேரே நின்று சைகை காட்டுகிற பெடியனே அதை முதலில் சுவாசிக்கிறான்.

பொருத்திய பிறகு

ஒயிலை உடனே மாற்றுங்கள். போத்தலில் ஜப்பான் ஒயில் தரமான ஜாசோ டி.எச்.-2 அல்லது வண்டிக் கையேடு சொன்னால் டி.எல்.-1 என்று இருக்க வேண்டும். டி.எச்.-1 வடிகட்டி இல்லாத எஞ்சினுக்கானது, அதில் சாம்பல் கூடும். டீசலில் கந்தகம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு வடிகட்டியும் கட்டலிஸ்டும் நீடிக்கும். யூரோ 4 தரத்தில் கந்தகம் 50 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது, சாதாரண ஒட்டோ டீசலில் அதைவிட அதிகம். ஆகவே யூரோ 4 தரச் சுப்பர் டீசலையே ஊற்றுங்கள். ஆட்புளூ தேவைப்படும் கண்டர் என்றால் கலன்களை வெயிலில் அடுக்கி வைக்காதீர்கள். 35 பாகை வெப்பத்தில் அதன் ஆயுள் ஆறு மாதம்தான்.

கரி எரிப்பு நடக்கும்போது குழாய் கடும் சூடாகும். பொத்தானை அழுத்தி நிறுத்தி எரிக்கும்போது, பதினைந்து இருபது நிமிடம் ஆகும், கீழே வைக்கோலோ காய்ந்த புல்லோ இருக்கக் கூடாது. கந்தளாய், மூதூர் வயல்களில் அறுவடைக்குப் போகும் லொறிகள் இதை மறக்கவே கூடாது.

எரிப்பு நடந்த ஒவ்வொரு முறையும் மீற்றரில் உள்ள கிலோமீற்றரை ஒரு கொப்பியில் குறியுங்கள். 300 கிலோமீற்றருக்கு ஒருமுறை எரித்த வண்டி 200, பிறகு 80 என்று இறங்கிக்கொண்டு போனால், வடிகட்டியைக் குறை சொல்லுமுன் நான்கு போத்தலையும் எடுத்து இன்ஜெக்டரை மறுபடி சோதியுங்கள்.